முதல் பொக்ஸ் கிட்டார்: லயக் காம்பராவுல மழைக் காலத்தைத் தாங்குறது எது?

கீழ்ப்பிரிவு, நோர்வூட்:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு வயசு 14. கிட்டார் பழகணும்னு நிக்கிறா. ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாட்டுக்கு வாசிக்கணும், வீட்டுல சினிமாப் பாட்டு, கொஞ்சம் பைலா. பேக்கோட சேத்து 35,000 ரூபாவுக்கு மேல போக முடியாது.

இப்போ மூணு வழி இருக்கு. ஹட்டன் டவுன்ல புதுசா ஒரு 38 இன்ச், ஸ்டீல் கம்பி, பேர் கேள்விப்படாத பிராண்ட். பாதிக் காசுலயே முடிஞ்சிரும். கண்டியில பாவிச்ச யமஹா எஃப்310 ஒண்ணு விலைக்கு இருக்கு. அதுக்கு முழுக் காசும் போயிரும். மூணாவது, நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் வாங்குங்க, கை நோகாதுன்னு சொல்றாங்க.

வீடு தோட்டத்து லயத்துல, வரிசையாக் கட்டின காம்பராக்கள்ல ஒண்ணு. தகரக் கூரை. மே பிறந்தா செப்டெம்பர் வரைக்கும் துணியே ஒழுங்கா காயாது. முழு மரத்துல செஞ்ச கிட்டார்தான் நல்லதுன்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. கொஞ்சம் கடன்பட்டாவது அப்படி ஒண்ணு எடுக்கவா? கடையில போய் நின்னு எதைப் பாக்கணும்னும் சொல்லுங்க.


ஆறுதந்தி:

கடன் படாதீங்க தம்பி. பிராண்டையும் இப்போதைக்கு விடுங்க. பழகத் தொடங்குற பிள்ளைங்க பாதியில விடுறதுக்குப் பெரிய காரணம் கம்பி உயரமா நிக்கிறது. அழுத்த அழுத்த விரல் நோகும், அழுத்தினாலும் சுருதி பிசகும், பிள்ளை தனக்குத்தான் வரலைன்னு நினைச்சுக்கும். அதனால கடைக்கு மூணு சாமான் கொண்டு போங்க: நாலு பேங்க் கார்ட், ஏ4 தாள் சில துண்டு, போன்ல சுருதி பாக்கிற டியூனர் எப் ஒண்ணு.

பேங்க் கார்ட் ஒண்ணோட தடிப்பு 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைச்சு நிக்காத கார்டாப் பாத்து எடுங்க. கிட்டாரை முதல்ல சரியா சுருதி சேக்கணும். கம்பி தளர்ந்திருந்தா எல்லா அளவும் பொய் சொல்லும். பிறகு 12ஆவது பிரெட்டுக்கு (கழுத்துல குறுக்கா பதிச்சிருக்கிற உலோகக் கோடு) மேல, ஆறாவது கம்பிக்கு, அதாவது தடிச்ச கம்பிக்குக் கீழ கார்டுகளை அடுக்கி நுழைச்சுப் பாருங்க. ஸ்டீல் கம்பிக்கு மூணு கார்ட், கிட்டத்தட்ட 2.3 மில்லிமீட்டர், கம்பியைத் தொட்டும் தொடாமலும் நுழைஞ்சா நல்ல உயரம். முதலாம் கம்பிக்கு ரெண்டு கார்ட் நுழைஞ்சு கொஞ்சம் இடம் மிஞ்சணும், 1.8 அளவுல. நாலு கார்ட் தாராளமா ஆடுதுன்னா அந்தக் கிட்டார்ல வேலை இருக்கு. பிளாஸ்டிக் அடிமட்டத்தை நம்பாதீங்க, பூச்சியக் கோட்டுக்கு முந்தியே ஒரு ஓரம் விட்டிருப்பான்.

அடுத்தது நட், தலைப்பக்கம் கம்பி உக்காந்திருக்கிற வெள்ளைத் துண்டு. ஒவ்வொரு கம்பியையும் மூணாவது பிரெட்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முதலாவது பிரெட்டுக்கு மேல பாருங்க. ஒரு தாள் போற இடைவெளி போதும். அஞ்சு தாள் போகுதுன்னா நட்டுல வெட்டின பள்ளம் ஆழம் பத்தாது. புது மலிவுக் கிட்டார்ல அடிக்கடி பாக்கிற குறை இதுதான். எஃப் கோர்ட் (பல சுரம் சேந்து ஒலிக்கிற பிடி) பிடிக்கும்போது உயிர் போறதும் இதாலதான். பிள்ளையோட விரல்ல பலம் இல்லைன்னு சொல்லிருவாங்க.

கழுத்து வளைவையும் பாத்திருங்க. ஆறாவது கம்பியை முதலாம் பிரெட்லயும் 14ஆம் பிரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்தினா கம்பியே நேர்கோடா நிக்கும். ஏழாம் பிரெட்ல உள்ள இடைவெளிக்குள்ள ரெண்டு மூணு தாள் போகணும், அதாவது 0.2, 0.3 மில்லிமீட்டர், சாதாரண 80 கிராம் ஏ4 தாள் ஒண்ணு சுமார் 0.1 வரும். ஒரு தாள்கூடப் போகலைன்னா கழுத்து பின்னால வளைஞ்சிருக்கு, கம்பி பிரெட்ல அடிச்சு இரையும். ஏழெட்டுத் தாள் போனா முன்னால வளைஞ்சிருக்கு. ரெண்டையும் ட்ரஸ் ரொட், அதாவது கழுத்துக்குள்ள ஓடுற திருகக்கூடிய இரும்புக் கோல், இருந்தா திருத்தலாம். அதனால ரொட் இருக்கான்னு கேக்காம நீங்களே பாருங்க: தலையில ஒரு சின்ன மூடி, இல்லைன்னா சத்தத் துவாரத்துக்குள்ள கழுத்து முடியிற இடத்துல எலன் கீ போற ஓட்டை. திருகக் கீயும் கேட்டு வாங்குங்க.

கடைசியா, 12ஆம் பிரெட்ல கம்பியை லேசாத் தொட்டு மணி மாதிரி வர்ற சத்தத்தையும், அதே இடத்துல அழுத்தி வர்ற சத்தத்தையும் டியூனர்ல ஒப்பிடுங்க. 5 சென்ட் (ஒரு அரைச் சுருதியில நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) வித்தியாசம் பரவாயில்லை. 15, 20ன்னு காட்டினா, கம்பி பழசா இல்லாத பட்சத்துல, அதை வைச்சிட்டு வாங்க.

38 இன்ச் விஷயம்: அது தலையில இருந்து அடி வரைக்கும் உள்ள மொத்த நீளம். வாசிக்கிற கைக்கு முக்கியம் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும், அதாவது முன்பலகையில கம்பி மாட்டுற கட்டைக்கும், நடுவுல உள்ள கம்பி நீளம். நட்டுல இருந்து 12ஆம் பிரெட் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்க. எஃப்310க்கு 634 மில்லிமீட்டர் வரும். 14 வயசுப் பிள்ளைக்கு அது பெருசில்லை. ஆனா உடம்பு அகலம் பெருசு, அதனால உக்காந்து பிடிச்சுப் பாக்கட்டும்; வலது தோள்பட்டை காதை நோக்கி மேல ஏறுச்சுன்னா அந்தச் சைஸ் வேண்டாம். தங்கச்சி இல்லாம வாங்கப் போகாதீங்க.


மரத்தூள், நாவலப்பிட்டி:

ஆறுதந்தி சொன்ன அளவுகளுக்கு மேல மழை சம்பந்தமா சில விஷயம்.

கிட்டார் மரத்துக்குப் பிடிச்ச ஈரப்பதன் 45 வீதத்துக்கும் 55 வீதத்துக்கும் நடுவுல. நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கிட்டா காத்துல 80க்கு மேலயே நிக்கும். மரம் ஈரத்தைக் குடிச்சா நீளவாக்குல அவ்வளவா மாறாது, குறுக்குவாக்குல ஊதும். முன்பலகையோட நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறதால அகலமாக இடமில்லை, அதனால வயிறு மாதிரி மேல எழும்பும். பிரிட்ஜும் கூடவே எழும்பும். கம்பி உயரும். ஜூலையில திடீர்னு வாசிக்கக் கஷ்டமாகுறதுக்குக் காரணம் இதுதான். இதைக் கழுத்து வளைஞ்சிருச்சுன்னு நினைச்சு ட்ரஸ் ரொட்டைப் போட்டு முறுக்கி, கடைசியில ரொட்டையே உடைக்கிறவங்க உண்டு. ஏழாம் பிரெட் இடைவெளி மாறாம 12ஆம் பிரெட் உயரம் மட்டும் கூடியிருந்தா ரொட்ல கை வைக்க வேண்டியதே இல்லை.

முழு மரப் பலகைதான் இப்படி அதிகமா ஊதும். லெமினேட்னு சொல்ற ஒட்டுப் பலகையில மரத்தின் இழை ஒரு தட்டுல நெடுக்கா, அடுத்த தட்டுல குறுக்கா ஓடும். ஒண்ணு ஊதப் பாத்தா மத்தது விடாது. சத்தத்துல ஆழம் குறைவுதான், நான் மறுக்கல. ஆனா லயக் காம்பராவுல சுவர்ல ஈரம் ஊறி நிக்கிற மாசத்துல, முதல் கிட்டாருக்கு ஒட்டுப் பலகையைத்தான் எடுக்கச் சொல்வேன். யமஹா எஃப்310 முன்பலகை ஒட்டுப் பலகைதான். யமஹா எஃப்ஜி800ல முன்பலகை முழு ஸ்புரூஸ் மரம். நல்ல கிட்டார், ரெண்டாவது கிட்டாரா பாத்துக்கலாம்.

பாவிச்சதுன்னா இன்னும் மூணு இடம் பாருங்க. பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழ தாள் முனையைத் தள்ளிப் பாருங்க. உள்ள போகவே கூடாது. ரெண்டு மில்லிமீட்டர் போச்சுன்னாலும் பிசின் விட்டுக்கிட்டு வருது, 70 கிலோ இழுவையில ஒரு நாள் மொத்தமாப் பிடுங்கிக்கிட்டு வரும். அதே தாளைக் கழுத்தும் உடம்பும் சேர்ற மூலையிலும் விட்டுப் பாருங்க. அப்புறம் சேடில், பிரிட்ஜில கம்பி ஏறி நிக்கிற வெள்ளைத் துண்டு: பிரிட்ஜுக்கு மேல எவ்வளவு வெளியில தெரியுதுன்னு அளந்துக்குங்க. மூணு நாலு மில்லிமீட்டர் இருந்தா தேய்ச்சுக் கம்பியை இறக்க இடமிருக்கு. சேடில் ஏற்கனவே பிரிட்ஜோட ஒட்டிப் போயும் கம்பி உயரமா நின்னா, கழுத்தின் கோணமே போயிருச்சுன்னு அர்த்தம். அதைக் கழட்டி ஒட்டுற கூலி கிட்டார் விலையைத் தாண்டும். பேசாம எழும்பி வந்திருங்க. முன்பலகை லேசா வளைஞ்சிருக்கிறது குறையில்லை, செய்யும்போதே அப்படித்தான் செய்றாங்க. பிரிட்ஜ் முன்பக்கமா சாய்ஞ்சு நிக்குதான்னு பக்கவாட்டுல இருந்து பாருங்க, அதுதான் கெட்ட அறிகுறி.

வைக்கிற இடம்: வெளிச்சுவரோட சாத்தி வைக்காதீங்க, ஈரம் நேரா ஏறும். குசினி அடுப்புச் சூடு படுற சுவர்லயும் வேண்டாம். சூட்டுல பிசின் இளகித்தான் பிரிட்ஜ் கிளம்புது. தகரத்துக்கு நேர் கீழ அட்டல்ல போடுறதும் அதே கதை, பகல்ல வேகும் ராத்திரி பனிக்கும். உள்சுவர்ல, நெஞ்சு உயரத்துல, பேக்குக்குள்ள. பேக்குக்குள்ள சிலிக்கா ஜெல் 100 கிராம் துணிப் பையில கட்டிப் போடலாம், ஆனா சும்மா துணி பேக்ல காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு நாள்ல ஜெல் நிரம்பிரும். பெரிய பொலித்தீன் உறைக்குள்ள பேக்கையே இறக்கிக் கட்டினாத்தான் பலன். ஈரம் குடிச்ச மணியைச் சட்டியில மெல்லிய சூட்டுல வறட்டித் திரும்பப் போடலாம். செம்மஞ்சள் நிறம் மாறுற வகையை எடுங்க, நீல வகையில கோபால்ட் உப்பு இருக்கு, சமைக்கிற சட்டிக்கு ஆகாது.

இது மேற்குச் சரிவுக்குத்தான். பதுளை, வெலிமடைப் பக்கம் உள்ளவங்க இதை அப்படியே பின்பற்றாதீங்க. அங்க பெருமழை வருசக் கடைசியில வடகீழ்ப் பருவத்தோட வரும், ஜூன் ஜூலையில காய்ஞ்ச காத்துதான். மலைநாடுன்னு ஒரே பேர், கிட்டாருக்கு ரெண்டு காலநிலை.


வேளைப்பாடகி, பண்டாரவளை:

எல்லாரும் ஸ்டீலையே பேசுறீங்க. நைலோனை ஏன் இவ்வளவு சுளுவா தள்ளுறீங்க?

சாதாரண 12-53 ஸ்டீல் செட் (மெல்லிய, தடிச்ச கம்பிகளோட தடிப்பு, இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல) ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிறது சுமார் 73 கிலோ. நைலோன் செட் 40 கிலோ பக்கம். விரல் நுனிக்கு மட்டுமில்ல, பிரிட்ஜுக்கும் அது பெரிய சலுகை. நைலோன் துருப் பிடிக்காது. முதல் மூணு கம்பியும் வெறும் நைலோன். யமஹா சி40 மாதிரி ஒட்டுப் பலகைக் கிளாசிக்கல் ஒண்ணு தொடக்கக்காரருக்கு ரொம்பப் பொருந்தும். அதுல ட்ரஸ் ரொட் இருக்காது, அதைக் குறையா நினைக்க வேண்டாம், கழுத்தே தடிப்பா இருக்கும். கார்ட் கணக்கும் வேற: 12ஆம் பிரெட்ல ஆறாம் கம்பிக்கு 4 மில்லிமீட்டர், முதலாம் கம்பிக்கு 3. ஸ்டீல் அளவை வைச்சு நல்ல கிளாசிக்கலை வேண்டாம்னு சொல்லிராதீங்க.

ரெண்டு எச்சரிக்கை மட்டும். நட் அகலம் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கிட்டார்ல 43தான். சின்னக் கைக்கு ஜி கோர்ட் எட்டுமான்னு பாக்கணும். எட்டலைன்னா சிஎஸ்40ன்னு சின்னது ஒண்ணு இருக்கு, கம்பி நீளம் 580. இன்னொண்ணு, சத்தம் பத்தலைன்னு யாராவது ஸ்டீல் கம்பியை வாங்கி நைலோன் கிட்டார்ல மாட்டச் சொன்னா மாட்டாதீங்க. பிரிட்ஜ் தனியா வந்திரும், இல்லைன்னா முன்பலகை குழியும்.


ஆறுதந்தி:

அக்கா சொல்றது சரி, தனியா வீட்டுல வாசிக்கிற பிள்ளைன்னா நானும் நைலோன்தான் சொல்லியிருப்பேன். ஆனா சர்ச்ல ஐம்பது பேர் பாடும்போது மைக் இல்லாம நைலோன் கேக்காது. பைலாவுக்கு அந்த 6/8 தாளத்துல வலது கை வெட்டி வெட்டி அடிக்கணும், பிக் பிடிச்சு அடிச்சா கிளாசிக்கல்ல முன்பலகை சுரண்டிப் போகும், அதுல காப்புத் தகடு கிடையாது. தோள் பட்டி மாட்டக் கொளுக்கியும் இருக்காது, நின்னு வாசிக்க வழியில்லை. வாசிக்கப் போற பாட்டுதான் கம்பியைத் தீர்மானிக்கணும். நோவைக் குறைக்க ஸ்டீல்லயே வழியிருக்கு, கிட்டார் முடிவானதும் சொல்றேன்.


கீழ்ப்பிரிவு, நோர்வூட்:

எல்லாருக்கும் நன்றி. ஹட்டன் 38 இன்ச்ல முதலாம் பிரெட்ல ஆறு தாள் போகுது, ரொட் ஓட்டையும் காணோம். கடைக்காரர் கம்பி மாத்தினா சரியாகும்னு சொல்றார்.

கண்டி எஃப்310 அளவுகள்: 12ஆம் பிரெட்ல ஆறாம் கம்பிக்கு நாலு கார்ட் சரியா தொடுது, முதலாம் கம்பிக்கு மூணு. ஏழாம் பிரெட்ல மூணு தாள். நட்டுல ரெண்டு தாள். பிரிட்ஜுக்குக் கீழ தாள் போகல, கழுத்து மூலையிலயும் போகல. சேடில் 5 மில்லிமீட்டர் வெளியில தெரியுது. 12ஆம் பிரெட்ல ஆறாம் கம்பி 8 சென்ட் கூட. கம்பி கறுத்துப் போய்க் கிடக்கு. ரெண்டாம் பிரெட்ல மெல்லிய கம்பிகளுக்குக் கீழ சின்னப் பள்ளம் விழுந்திருக்கு. தங்கச்சிக்குப் பிடிக்கும்போது தோள் ஏறல. எடுக்கலாமா?


மரத்தூள், நாவலப்பிட்டி:

ஹட்டன் கிட்டாரை விடுங்க. நட் பள்ளத்தைக் கம்பி மாத்தித் திருத்த முடியாது, அதுக்கு அரம் போடணும்.

கண்டி கிட்டாரை எடுங்க. பிசின் பிடிச்சிருக்கு, கழுத்து வளைவு 0.3, நட் சரி. கம்பி உயரம் மட்டும்தான் கூட, அதையும் சேடில்ல இறக்கலாம். கணக்கு இப்படி: 12ஆம் பிரெட் கம்பியின் நடுவுல இருக்கிறதால, அங்க ஒரு பங்கு இறங்கச் சேடில்ல ரெண்டு பங்கு குறைக்கணும். ஆறாம் கம்பிப் பக்கம் இப்போ 3.0, வேண்டியது 2.4, அப்போ சேடில்ல 1.2 மில்லிமீட்டர். முதலாம் கம்பிப் பக்கம் 2.3ல இருந்து 1.8க்கு வர 1.0 மில்லிமீட்டர். மிச்சம் நாலு மில்லிமீட்டர் பக்கம் நிக்கும், தாராளம்.

எப்பவும் சேடிலின் அடிப்பக்கத்தைத்தான் தேய்க்கணும், மேல் வளைவைத் தொடக்கூடாது. பென்சிலால கோடு போட்டு, கண்ணாடித் துண்டு மேல 240 நம்பர் சேண்ட் பேப்பரை ஒட்டி, சேடிலை நிமித்தி வைச்சு நேரா இழுங்க. அடி கோணலாப் போனா ஒரு கம்பி கேக்கும், பக்கத்துக் கம்பி மந்தமாகும். ஒரே மூச்சுல 1.2 எடுக்காதீங்க, பாதி எடுத்துப் போட்டு, கம்பி மாட்டி அளந்து பாத்து மீதியை எடுங்க. முக்கியமா, இப்போ இருக்கிற சேடிலைத் தொடாம எடுத்து வைச்சிட்டு, அதே நீளம் தடிப்புல புதுசு ஒண்ணு வாங்கித் தேயுங்க. மழைக்குத் தாழ்ந்தது, ஜனவரியில காத்து காய்ஞ்சு கம்பி இரைஞ்சா பழைய உயரமானது, ரெண்டு சேடில் வைச்சிருந்தா வருசம் முழுக்கக் கவலை இல்லை.

8 சென்ட் கூடினதுக்குக் கம்பி உயரமும் பழைய கம்பியும் காரணமா இருக்கலாம். ரெண்டும் மாறின பிறகு திரும்பப் பாருங்க. பிரெட் பள்ளத்துக்கு, அந்தக் கம்பிகளை முதலாம் பிரெட்லயும் ரெண்டாம் பிரெட்லயும் அழுத்தி அடிச்சுப் பாருங்க. இரையலைன்னா இன்னும் சில வருசம் ஓடும். விலை பேசும்போது ஒரு கம்பி செட் காசும் சேடில் காசும் குறைக்கச் சொல்லுங்க, நியாயமான கேள்விதான்.


ஆறுதந்தி:

கம்பி 11-52 வாங்குங்க. 10-47 இன்னும் மெல்லிசு, ஆனா சேடில் இறக்கினதுக்கு அப்புறம் இழுவையும் குறைஞ்சா கழுத்து பின்னால நிமிர்ந்து, பலமா அடிக்கும்போது இரையும். அப்படி இரைஞ்சா ரொட்டை இடப்பக்கமா கால் சுத்து தளத்திட்டு, அடுத்த நாள் அளந்து பாருங்க. ஒரே நாள்ல கால் சுத்துக்கு மேல வேண்டாம். பூச்சுப் பூசின கம்பி விலை கூட, ஆனா உங்க ஊர் ஈரத்துல சாதாரணக் கம்பி சீக்கிரம் கறுத்துரும், அதனால கணக்குப் பாத்தா நட்டமில்லை. வாசிச்சு முடிஞ்சதும் பழைய பருத்தித் துணியால கம்பியோட கீழ்ப்பக்கத்தையும் சேத்துத் துடைக்கணும், வேர்வை அங்கதான் தங்கும்.

நோவைக் குறைக்கிற வழி சொல்றேன்னேன். ஆறு கம்பியையும் ரெண்டு அரைச் சுருதி கீழ இறக்கிட்டு, ரெண்டாம் பிரெட்ல கேபோ, அதாவது ஆறு கம்பியையும் சேத்து அழுத்திப் பிடிக்கிற கிளிப், மாட்டுங்க. காதுக்கு வழக்கமான ஈ ஏ டீ ஜீ பீ ஈதான் கேக்கும். ஆனா இழுவை அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிரும், பிரெட் இடைவெளியும் சுருங்கும், நட் உயரமும் கணக்குல வராது. முதல் ஆறு வாரம் இப்படி விட்டு, விரல் நுனி தடிச்ச பிறகு கேபோவைக் கழட்டி மேல ஏத்துங்க. முதல்ல ஈ மைனர், ஏ மைனர், டி, ஜி. எஃப் பக்கமே போக வேண்டாம். ஒரு நாளைக்கு 15 நிமிசமா ரெண்டு தரம் போதும், ஒரே இருப்புல ஒரு மணித்தியாலம் உக்காந்தா மறுநாள் தொட முடியாது.

பேக் மெத்தை உள்ளதா, குறைஞ்சது 10 மில்லிமீட்டர் பஞ்சு வைச்சதா எடுங்க. மெல்லிய துணி பேக் பஸ்ஸுக்கு ஆகாது.


கீழ்ப்பிரிவு, நோர்வூட்:

எடுத்தாச்சு அண்ணே. கண்டியில இருந்து பஸ்ல கொண்டு வரும்போது கம்பியை முழுசா கழட்டணுமா?


மரத்தூள், நாவலப்பிட்டி:

கழட்ட வேண்டாம். ஒவ்வொரு திருகையும் ரெண்டு சுத்து தளத்துங்க, அது போதும். தட்டுல படுக்க வைச்சா மேல யாராவது மூட்டையைப் போட்டிருவாங்க. இன்ஜினுக்குப் பக்கத்துலயும் சூடு. மடியில நிமித்திப் பிடிச்சு, தலைப்பக்கத்துக்கு ஒரு சுவெட்டரைச் சுத்துங்க. கீழ விழுந்தா முதல்ல முறியிறது தலையும் கழுத்தும் சேர்ற அந்த இடம்தான். வீட்டுக்கு வந்ததும் பேக்கைத் திறக்காம ஒரு மணித்தியாலம் விட்டு, அப்புறம் சுருதி சேருங்க. சேடிலை உடனே தேய்க்காதீங்க. புதுக் கம்பி மாட்டி ஒரு கிழமை உங்க வீட்டுக் காத்துக்குப் பழகட்டும், பிறகு திரும்ப அளந்து அந்த அளவை இங்க போடுங்க. கண்டியில பாத்த 3.0 நோர்வூட்ல 3.2ஆ இருந்தா தேய்க்கிற கணக்கும் மாறும்.